காரணம் கேட்கக் கூடாது என்றொரு விதி

புதுச் சாரணியர் ஆசிரியைகளுக்கான பயிற்சி முகாமின் கடைசி நாளில் உங்களில் ஒரு தங்கை எழுந்து, "டீச்சர், இத்தன வருஷத்துல நீங்க எடுத்த முடிவுலயே ரொம்பக் கஷ்டமானது எது?" என்று கேட்டாள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மழை வெள்ளத்தில் எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்து போன கதையைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினீர்கள். கதை பொய்யில்லை, நடந்ததுதான். ஆனால் அதில் நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. தண்ணீர் வந்தது, போனோம், அவ்வளவுதான். உண்மையான பதிலை அந்த மேடையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கடலூர் முதுநகரில் அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். கூடவே சாரணியர் பொறுப்பும் என்னிடம்தான். 2012-ல் ஓய்வு பெற்றேன். முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, கொடி ஏற்றுவதெல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். அதில் தப்புச் செய்தால் மறுபடி அவிழ்த்துக் கட்டலாம். நான் சொல்லப் போவது அவிழ்க்க முடியாத ஒன்றைப் பற்றி.

2004-ல் நானும் சிதம்பரத்திலிருந்து மூன்று ஆசிரியைகளும் சேர்ந்து ஒரு வட்டம் ஆரம்பித்தோம். ஒவ்வொரு பள்ளியிலும் சாரணியர் படையில் நாலைந்து பிள்ளைகள் தனியாகத் தெரிவார்கள் அல்லவா, அவர்களை ஒன்றாகச் சேர்த்து வைப்பதுதான் யோசனை. வெண்கயிறு வட்டம் என்று பெயர் வைத்தோம். இடது தோளில் ஒரு வெள்ளைக் கயிறு, அது ஒன்றுதான் அடையாளம். அந்தக் கயிறு கிடைப்பது லேசில்லை. முதலில் கூடப் படிக்கும் பிள்ளைகளே சீட்டில் பெயர் எழுதிப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசிரியைகள் அதில் தலையிட முடியாது. பிறகு ஒரு வருஷம் சேவை. வருஷக் கடைசியில் மௌன நாள். சூரியன் உதிக்கும்போது வாயை மூடினால் மறையும்போதுதான் திறக்க வேண்டும். நடுவில் நாள் முழுக்க உடம்பு நோக வேலை.

பேசினார்களா என்று யாரும் கண்காணிக்க மாட்டோம். மாலையில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி கேட்போம்: "இன்று பேசினாயா?" ஆம், இல்லை, இரண்டில் ஒன்றுதான் பதில். இல்லை என்றால் கயிறு. ஆம் என்றால் அடுத்த வருஷம் வரலாம். ஏன் பேசினாள் என்று நாங்கள் கேட்கக் கூடாது, அவளும் சொல்லக் கூடாது, அவளுக்காக இன்னொருத்தி பேசவும் கூடாது.

இந்தக் கடைசி விதியை எழுதியது நான். முதல் வருஷம் அது இல்லை. அப்போது ஒரு பெண் 'ஆம்' என்று சொல்லிவிட்டு, வெய்யில் மயக்கத்தில் தண்ணீர் கேட்டேன், அது பேச்சில் சேராது என்றாள். இன்னொருத்தி, தூங்கும்போது ஏதோ உளறினேன் என்றாள். பெற்றோர்கள் வந்து ஆளுக்கொரு நியாயம் பேச, பெரிய ரகளை. அடுத்த வருஷமே நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காரணம் என்று ஒன்று இருந்தால்தானே சண்டை, காரணத்தையே தூக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே ஒரு கர்வம். பக்கத்து மாவட்டத்திலிருந்து நகல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

2007 ஜூனில் எங்கள் பள்ளியில் சீட்டுப் போட்டபோது இரண்டு பெயர்கள் வந்தன. ஒருத்தி சகாயமேரி, பிளஸ் டூ. இன்னொருத்தி நித்யா, பிளஸ் ஒன். நித்யா என் மகள். என் பள்ளியிலேயே படித்தாள், என் படையிலேயே இருந்தாள். அது சரியில்லை என்று இன்று சொல்வேன். அன்று யார் சொல்லியிருந்தாலும் சீறியிருப்பேன்.

சகாயமேரியின் அப்பா முதுநகர் ரயில்வே கேட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார். அந்தப் பெண்ணுக்கு வாய் என்றால் அப்படியொரு வாய். பிரேயரில் அவள் குரல்தான் தனியாகக் கேட்கும். வகுப்பில் பாதி நாள் வெளியேதான் நிறுத்தி வைப்பார்கள். அந்த ஆனியில் சிதம்பரம் தேருக்குக் கீழவீதியில் காணாமல் போன குழந்தைகளுக்காக ஒரு பந்தல் போட்டிருந்தோம். மைக் செட் பத்து மணிக்கே உயிரை விட்டுவிட்டது. இவள் ஒரு பெஞ்சு மேல் ஏறி நின்று, ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் சட்டை நிறத்தையும் கத்திக் கத்திச் சொன்னாள். தேர் நிலைக்கு வருவதற்குள் பந்தலில் ஒரு குழந்தை பாக்கியில்லை. கடைசியாக வந்த ஒரு அப்பா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டார். இவள் அவரைப் பார்த்து, "கைய விடாம கூட்டிட்டுப் போங்க மாமா, மறுபடி என்னால கத்த முடியாது" என்றாள்.

அந்த வருஷத்து மற்ற வேலைகளைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஆகஸ்டில் மரக்கன்று நட்டோம். வந்த பெரிய மனிதர்கள் புகைப்படத்துக்குக் குனிந்து நின்றார்கள், அவர்கள் வண்டி கிளம்பியதும் ஆடுகள் வந்தன. மறுநாள் சேத்தியாத்தோப்புப் பள்ளிப் பிள்ளைகள் முள் வெட்டி வேலி போட்டார்கள், அதைப் படம் பிடிக்க ஒருவரும் இல்லை. புரட்டாசியில் திருவந்திபுரம் மலைப்படிகளைக் கழுவினோம். நேர்த்திக் கடனுக்கு மொட்டை போட்டவர்கள் எங்கள் பிள்ளைகளையே கோயில் வேலைக்காரர்கள் என்று நினைத்து அதட்டினார்கள். கார்த்திகை மழையில் பொட்டலம் கட்டினோம். எல்லாவற்றிலும் சகாயமேரி முன்னால் நின்றாள். நித்யா சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்வாள், வாய் திறக்க மாட்டாள். மௌன நாளில் யாருக்குக் கஷ்டம் என்று கேட்டால் எங்கள் படையே சிரிக்கும்.

சகாயமேரிக்கு அந்தக் கயிறு ஏன் முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாநில விருதுத் தேர்வு முகாமுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்திக்குத்தான் இடம். அந்த வருஷம் வெண்கயிறு வாங்குபவர்களில் மூத்தவளுக்குத் தருவது வழக்கம். அந்த விருது இருந்தால் ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் விண்ணப்பம் போடலாம். இதை அவளிடம் யாரோ ஒன்பதாம் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் அப்பா ஒரு நாள் பள்ளிக்கே வந்து என்னிடம் கேட்டார்: "டீச்சர், எங்க வீட்ல கெவுருமென்ட் வேலைக்குன்னு யாரும் போனது கெடையாது. இது நெசமாவே கெடைக்குமா, இல்ல புள்ள சும்மா சொல்லுதா?" நான், "அவ ஒழுங்கா இருந்தா கெடைக்கும்" என்றேன். அவள் பிளஸ் டூவில் இருந்தாள். அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். 2008-ல் மாசி மகம் பிப்ரவரியில் வந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் எங்களுக்கு வருஷா வருஷம் சேவை உண்டு. ஊர் ஊராகச் சாமிகள் டிராக்டரில் ஏறித் தீர்த்தவாரிக்கு வரும், ஜனம் கொள்ளாது. அதற்கு அடுத்த வாரம் மௌன நாள் என்று அட்டவணை போட்டிருந்தோம். பரீட்சை நெருங்கிவிட்டது. தலைமையாசிரியை, "ஒரு நாளுக்குத்தான் ஆன் டியூட்டி குடுப்பேன், ரெண்டு நாள்லாம் முடியாது, பிளஸ் டூ புள்ளைங்க வேற" என்று சொல்லிவிட்டார். நான் உடனே சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தேன். மௌன நாளையும் மாசி மகத்தையும் ஒன்றாக வைத்துவிடலாம். கயிறு வாங்கியவர்கள் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், எல்லாப் பள்ளியிலிருந்தும் கயிறு வாங்கப் போகிற எட்டுப் பேரும் பின்னால், வண்டிகள் நிற்கும் இடத்தில் இலையும் குப்பையும் பொறுக்கட்டும்.

சாரணர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர் சிதம்பரத்துக்காரர். எதற்கெடுத்தாலும் "பரவாயில்ல விடுங்க" என்பார். எந்தக் கூட்டத்துக்கும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார், வரும்போது சட்டைப்பையில் கையெழுத்தாகாத பாரம் நாலு இருக்கும். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் போனில், "கூட்டத்துக்குள்ள புள்ளைங்க வாயக் கட்டிப் போட்டா எப்படி மேடம்? அவசரத்துக்கு ஒரு சத்தம் குடுக்க வேணாமா?" என்றார். "அவுங்க கூட்டத்துலயே இருக்க மாட்டாங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன். ஒழுங்கில்லாத மனிதர் எனக்குச் சொல்ல வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மாசி மகத்தன்று எனக்குக் கடற்கரையில் ஓய்ச்சலே இல்லை. ஒரு பக்கம் மயங்கி விழுந்த அம்மாள், ஒரு பக்கம் தொலைந்த பை. பின்னால் குப்பை பொறுக்குகிற எட்டுப் பேரை மதியம் ஒரு முறை போய்ப் பார்த்தேன். சகாயமேரி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு கோணி நிறைய இலை சுமந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே, எப்படி இருக்கேன் பாத்தீங்களா என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

சூரியன் நம் ஊரில் கடலில் இறங்காது, ஊருக்குப் பின்னால்தான் இறங்கும். தென்னைகளுக்குக் கீழே அது மறைந்ததும் எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தினேன். கயிறு போட ஒரு அதிகாரி வந்திருந்தார். வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிதம்பரம் பிள்ளைகளின் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். முதல் ஐந்து பேரும் "இல்லை" என்றார்கள். ஆறாவது சகாயமேரி.

"இன்று பேசினாயா?"

"ஆமா மிஸ்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. மறுபடி கேட்டேன். அவள் என் கண்ணைப் பார்த்தே, "பேசிட்டேன் மிஸ்" என்றாள். வரிசையில் யாரோ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. நான் அவளை இரண்டடி பின்னால் போய் நிற்கச் சொன்னேன். போனாள். ஏழாவதாக நித்யா. தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லை" என்றாள். களைப்பு என்று நினைத்தேன்.

செயலாளர் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "மேடம், அந்தப் புள்ளையக் கூப்ட்டு எதுக்குப் பேசுனன்னு ஒரு வார்த்த கேளுங்க."

"கேக்கக் கூடாது சார். விதி."

"விதி நாம எழுதுனதுதான மேடம். ஜாஸ்தி ஒன்னும் வேணாம், ரெண்டு நிமிஷம். நான் வேணா அந்த ஆபீசர்கிட்ட டீ வாங்கிக் குடுத்து நிறுத்தி வெக்கறேன்."

"இன்னிக்கி இவளக் கேட்டா நாளைக்கி எல்லாரையும் கேக்கணும். எம்பொண்ணு வரிசையில நிக்கறா. நான் இவளக் கேட்டு விட்டாலும் பேசுவாங்க, கேக்காம விட்டாலும் பேசுவாங்க. விதிப்படி போயிட்டா எனக்கு நிம்மதி."

நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். நன்றாகப் பாருங்கள். அந்தப் பெண்ணின் நாலு வருஷ ஆசை என் முன்னால் நிற்கிறது, நான் என் நிம்மதியைப் பற்றிப் பேசுகிறேன். செயலாளர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்று நகர்ந்து போனார். ஏழு பேருக்குக் கயிறு போட்டோம். சகாயமேரியும் கை தட்டினாள். வீட்டுக்குப் போகும்போது என்னிடம் வந்து வணக்கம் வைத்து, "வர்றேன் மிஸ், பரீட்சைக்குப் படிக்கணும்" என்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழவில்லை. அழாததால் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் பள்ளியின் இடம் நித்யாவுக்குப் போனது. அந்தக் கோடையில் மாநில முகாமுக்குப் போனாள், விருதும் வாங்கினாள். ஊரில் பேச்சுக் கிளம்பியது. மகளை அனுப்ப வேண்டும் என்றே டீச்சர் அந்த சைக்கிள் கடைக்காரர் பெண்ணைக் கழற்றிவிட்டாள் என்றார்கள். ஆசிரியர் ஓய்வறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். நான் நிமிர்ந்து நடந்தேன். கர்த்தருக்கு முன்னாலும் நடராஜருக்கு முன்னாலும் நின்று சொல்வேன், மகளுக்காக அன்று நான் எதையும் செய்யவில்லை. அதனால் எனக்கு வெட்கமும் இல்லை. அவதூறைத் தாங்கிக்கொண்டு நேர்மையாக நின்றவள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டினேன்.

2012 ஆகஸ்டில் நித்யாவுக்கு ரயில்வே உத்தரவு வந்தது. நான் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. பால் பாயசம் வைத்தேன். அவள் தொடவே இல்லை. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "அம்மா, அன்னிக்கு சகாயம் அக்கா எதுக்குப் பேசினாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவள் சொன்னது இதுதான். மதியம் நான் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, சாமி ஏற்றி வந்த ஒரு டிராக்டரை டிரைவர் பின்னுக்கு எடுத்திருக்கிறார். டிரெய்லர் நிழலில் துண்டு விரித்து ஒரு குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு அதன் தாய் தீர்த்தமாடப் போயிருக்கிறாள். நித்யா பக்கத்தில்தான் நின்றாள். பார்த்துவிட்டாள். வாயைத் திறக்காமல் இரண்டு கையையும் ஆட்டியிருக்கிறாள். டிரைவர் மறுபக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு வண்டியைப் பின்னால் விடுகிறார். தூரத்தில் கோணியோடு வந்த சகாயமேரி, "யோவ், வண்டிய நிறுத்துய்யா! புள்ள!" என்று ஒரே கத்து. வண்டி நின்றது. டயருக்கும் குழந்தைக்கும் ஒரு முழம்கூட இல்லை. சகாயமேரி குழந்தையைத் தூக்கி அந்தத் தாய் வரும்வரை வைத்திருந்தாளாம். அதற்குப் பிறகு சூரியன் மறையும்வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"நீ ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"இன்னொருத்தருக்காகப் பேசக் கூடாதுன்னு நீதான விதி வெச்ச. மறுநாளு சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள லிஸ்ட்ல எம்பேரு வந்துடுச்சு. அப்புறம் எனக்கு வாய் வரலம்மா." அவள் அழுதாள். பிறகு, "நான் கையத்தான் ஆட்டினேன். கயிறு போயிடுமேன்னு கத்தல. இத யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள்.

பதினாறு வயசுப் பெண்ணை அந்த இடத்தில் அப்படி நிறுத்தியது யார்? அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், அதனால் அவளைத் திட்டவில்லை. குழந்தை நசுங்கினாலும் வாயைத் திறக்காதே என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தவளுக்கு என்ன நடக்கும் என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் இரண்டாவதைத்தான் படிப்பார்கள். நீங்கள் உங்கள் படையில் எதையாவது எழுதித் தொங்கவிடும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறு வாரம் சகாயமேரியைத் தேடிப் போனேன். கடலூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து ராத்திரிவரை நின்றுகொண்டே செய்யும் வேலை. என்னைப் பார்த்ததும், "மிஸ்! வாங்க வாங்க, பட்டா காட்டனா?" என்றாள். நான் பேச வந்தேன் என்று சொன்னேன். அவள் கண்ணால் சூப்பர்வைசரைக் காட்டி, "சும்மா நின்னு பேசினா சத்தம் போடுவாங்க. நான் பிரிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க பேசுங்க" என்றாள். அவள் ஒவ்வொன்றாகச் சேலையைப் பிரித்துப் போட, நான் முந்தானையைத் தடவிப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"நித்யா சொன்னா" என்றேன்.

"டிராக்டரா? அவ சொல்றதுக்கு நாலு வருஷமாச்சா?" என்று சிரித்தாள். "பாவம் மிஸ் அவ. அன்னிக்கி வெடவெடன்னு நடுங்கிட்டா."

"நீயாவது எங்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம்."

"காரணம் சொல்லக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான மிஸ்? சொல்லிட்டா சலுக கேக்கற மாதிரி ஆயிடும்னு நெனச்சேன். நீங்களே கேப்பீங்கன்னு ரெண்டு நாளு பாத்தேன். அப்புறம் பரீட்ச வந்துடுச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் கையில் இருந்த சேலையை மடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதைப் பிரிக்காமலே என் பக்கம் குனிந்தாள். "மிஸ், ஒன்னு கேக்கட்டா? ரயில்வேக்கு எனக்கு இன்னும் வயசு இருக்கு. அன்னிக்கி நடந்தத ஒரு பேப்பர்ல எழுதி, அந்த முடிவு தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா? அப்பா அத எடுத்துக்கிட்டு மாவட்ட ஆபீசுல கேட்டுப் பாக்கறேங்கறாரு. ஏதாச்சும் வழி வுட்டாங்கன்னா சரி. இல்லன்னா போவுது, கேட்டோம்னு இருக்கும்."

"இதுல என்ன, எழுதித் தரேன். வர்ற வாரமே கொண்டாந்து குடுக்கறேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அன்று மாலையே எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். அப்போதுதான் ஒரு இடத்தில் கண் நின்றது. சகாயமேரிக்குப் போக வேண்டிய இடம் தவறுதலாக நித்யாவுக்குப் போனது என்று என் கையெழுத்தில் இருந்தது. நித்யா வேலையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, தகுதிகாண் பருவம். இந்தக் காகிதம் யார் கையிலாவது கிடைத்து, அந்த விருதே செல்லாது என்று ஒருவன் மனுப் போட்டால்? செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுதிக் குடுங்க மேடம். நானே முன்னாடி நின்னு பேசறேன்" என்றார். என் மகளுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். "ஆவாதுன்னுதான் நெனைக்கறேன். உறுதியா சொல்ல முடியாது. ஆனா அதுக்காக எழுதாம வுட்டுடாதீங்க" என்றார். காலம் தவறி வருகிற மனிதர், இந்த விஷயத்தில் இரண்டு தடவையும் சரியான நேரத்தில் சரியானதைச் சொன்னார்.

நித்யாவும், "குடுத்துடும்மா. போனா போவுது. நான் வேற வேல பாத்துக்கறேன்" என்றாள். "சும்மா இரு, உனக்கு ஒன்னும் தெரியாது" என்று அவள் வாயை அடைத்தேன். அடைத்துப் பழகிய கை.

ஆயுத பூஜை போகட்டும் என்று நினைத்தேன். பிறகு தீபாவளி போகட்டும். பிறகு நித்யாவுக்கு வேலை நிரந்தரமாகட்டும். அந்த ஜவுளிக்கடை இருக்கும் தெருவில் நடப்பதையே விட்டேன். ஒரு ஜாக்கெட் பிட் வேண்டுமென்றாலும் பஸ் ஏறிச் சிதம்பரம் போய் வாங்கினேன். சகாயமேரி ஒரு தடவைகூட என் வீட்டுக்கு வந்து கேட்கவில்லை. அவள் அப்பாவை ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனார். சங்கடப்பட வேண்டியவள் நான், ஒதுங்கிப் போனது அவர்.

2008-ல் ஊர் என்னைப் பற்றிச் சொன்னது பொய். மகளுக்காக அந்தப் பெண்ணைக் கவிழ்த்தாள் என்றார்கள், அன்று நான் அப்படிச் செய்யவில்லை. அதை 2012-ல்தான் செய்தேன். அப்போது என்னைக் கட்டிப்போட விதி எதுவும் இல்லை, கடிகாரம் பார்க்கிற அதிகாரி இல்லை, ஹாரன் அடிக்கிற வேன் இல்லை. காரணம் முழுக்கத் தெரியும். மேசையில் காகிதம் கையெழுத்தோடு இருந்தது.

உங்களுக்குப் பாடம் என்று எதையாவது சொல்லி முடிக்க வேண்டும். கூட்டத்தில் பிள்ளைகளின் வாயைக் கட்டாதீர்கள். இரண்டு வேலையை ஒரே நாளில் அடக்குவது சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள். ஒரு பெண் உண்மையைச் சொல்லித் தன்னையே கெடுத்துக்கொண்டால், எந்த விதி என்ன சொன்னாலும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள். அவசரத்தில் நடந்த தப்பைப் பிறகு உணர்ந்தால் அன்றைக்கே போய்ச் சரி செய்யுங்கள், ஒரு ராத்திரி தள்ளிப்போட்டால் உங்களுக்கு நல்ல நல்ல காரணங்கள் கிடைத்துவிடும்.

வெண்கயிறு வட்டம் இப்போது இல்லை. சகாயமேரி இன்னமும் அதே கடையில்தான் இருக்கிறாள் என்று கேள்வி, அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது. நித்யா வேலையில் நிரந்தரமாகி, பதவி உயர்வும் வாங்கிவிட்டாள். இனி நான் எதை எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் என் வீட்டில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுத முடிந்தது.